மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஞானமேரியால் நடக்க முடியாது என்று முடிவு செய்தது அவளுடைய மகள் மெர்லின்தான். அயர்லாந்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு விமானச் சீட்டுப் போடும்போது, கணினியில் ஒரு சின்னக் கட்டத்தை அழுத்தினாள். அதோடு, ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஞானமேரியின் இரண்டு கால்களும் உலகத்திலுள்ள எல்லா விமான நிலையங்களிலும் செயலிழந்தன.

"எனக்குக் கால் நல்லாத்தானடி இருக்குது?" என்று ஞானமேரி போனில் கேட்டாள்.

"கால் நல்லா இருக்கட்டும்மா. இங்கிலீஷுக்குத்தான் வீல்சேரு. நடுவுல பெரிய ஏர்போர்ட்டுல எறங்கி வேற பிளேன் மாறணும். இந்த டெர்மினல்ல இருந்து அந்த டெர்மினலுக்கு நடக்கணும். ஊரு மாதிரி இருக்கும், நீ தொலைஞ்சி பூடுவ. என்கூட வேலை பாக்கற நர்ஸுங்க எல்லாருமே அவங்கம்மாவுக்கு இப்படித்தான் போடறாங்க. நீ குந்திக்கினா போதும், அவனே தள்ளிக்கினு போய் உட்ருவான்."

ஞானமேரி ஒவ்வோர் ஆகஸ்டிலும் திண்டிவனத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவள். காவிப் புடவை கட்டி, மாதா தேருக்குப் பின்னால், கடலூர் ரோட்டில் தார் உருகும் வெயிலில் வெறுங்காலோடு போவாள். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடி நடப்பாள். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவது மாதாவிடம் பொய் சொல்வதுபோல் இருந்தது. ஆனாலும் சரி என்றாள். மெர்லின் எது கேட்டிருந்தாலும் அப்போது சரி என்றிருப்பாள்.

போன தடவை மெர்லினுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. மருமகன் ஆரோக்கிய ஜெனித் கப்பலில் இருந்தான். மெர்லின் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தனியாகத் திரும்பி வந்து, பல நாள் கழித்துத்தான் ஊருக்குப் போன் செய்தாள். "அப்பவே சொல்றதுக்கு என்னடி?" என்று ஞானமேரி அழுதபோது, "நீ வந்து இன்னாம்மா பண்ணியிருக்கப் போற?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கான பதில், பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுதான் ஞானமேரிக்கு வந்தது. நின்றிருப்பேன். ஒன்றும் செய்யத் தெரியாமல் உன் பக்கத்தில் நின்றிருப்பேன்.

இந்தத் தடவை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். ஜெனித் இப்போதும் கப்பலில்தான். ஞானமேரி போய் இறங்கிய மறுநாள் காலையில் ஆபரேஷன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை காவியைக் கழற்றுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, காவிப் புடவையும் மேலே காவி நிறத்தில் ஒரு ஸ்வெட்டருமாக அவள் விமானம் ஏறினாள். தோள்பையில் கேப்பை மாவு, பிரசவ லேகியம், வறுத்த மல்லாட்டை.

சென்னை விமான நிலையத்துக்கு வேன் பிடித்து உறவெல்லாம் வழியனுப்ப வந்திருந்தது. வாசலில் நாற்காலி வந்தது. ஞானமேரி அதில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த அவள் தங்கை, "ஐயோ, காலையில நல்லாத்தான இருந்தா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கணவர் சின்னப்பராஜுக்கு மானம் போயிற்று. "எழுந்து ஒரு தபா நடந்து காட்டிட்டுப் போயேன்" என்று சைகை செய்தார். ஞானமேரி எழுந்திருக்கப் போனாள். தள்ளுகிறவன் அவள் தோளை மெதுவாக அழுத்தி உட்காரவைத்தான்.

அந்த அழுத்தத்தில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. அன்புகூட இருந்தது. அதனால்தான் அவளால் அதைத் தட்டிவிட முடியவில்லை.

நாற்காலியின் சுகங்கள் உடனே புரிந்தன. வரிசைகள் கிடையாது, எல்லாக் கதவும் திறந்தது. ஆனால் முகம் மற்றவர்களின் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. அதிகாரிகள் அவளைப் பற்றிய கேள்விகளை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தவனிடம் கேட்டார்கள். கைப்பிடி பதில் சொன்னது. பேர் என்ன என்பதற்குக்கூட அவள் வாயைத் திறக்கவேண்டி இருக்கவில்லை.

பெரிய விமான நிலையம் பாலைவனத்தின் நடுவே இருந்தது. விமானத்தின் கதவிலேயே அவளுக்காக ஒருவன் நாற்காலியோடு நின்றான். சீட்டைப் பார்த்துவிட்டு, "தமிழாம்மா? எந்த ஊரு?" என்றான்.

"திண்டிவனம் பக்கம், ஒலக்கூரு."

"அட, நம்ம ஆளு! நானு கண்டாச்சிபுரம். பச்சைமுத்து. குந்துங்கம்மா, குந்துங்க." கழுத்துவரை பொத்தான் போட்ட நீலக்கோட்டுக்குள் அவன் வியர்த்திருந்தான். "எம்மாம் வருசமாச்சி, குந்துன்னு சொல்லி ஒருத்தருக்குப் புரிஞ்சி! ஊர்ல மழை பேஞ்சுதா?"

அவன் மழையைப் பற்றியும் கண்டாச்சிபுரம் சந்தையைப் பற்றியும் கேட்டுக்கொண்டே தள்ளினான். பளிங்குத் தரை முடிவில்லாமல் போனது. அங்கே நகைக்கடை இருந்தது, தங்கத்தில் செய்த ஒட்டகம் இருந்தது, உள்ளேயே பேரீச்சை மரங்கள் நின்றன. கடைசியில் தரையில் ஒரு மஞ்சள் கோடு வந்தது. பச்சைமுத்து அதற்கு ஒரு சாண் முன்னால் நாற்காலியை நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினான்.

"ஒரு வழியா வந்துட்டமா?" என்றாள் ஞானமேரி.

"இல்லம்மா. உங்க பிளேனு அந்தப் பக்கம். எங்க கம்பெனிக்கு இந்தக் கோடு வரைக்கும்தான் காண்ட்ராக்டு. அந்தாண்ட வேற கம்பெனி, ஆரஞ்சு கோட்டு போட்டவனுங்க. அவனுங்க வந்து எடுத்துக்குவானுங்க."

"எப்ப வருவாங்க?"

பச்சைமுத்து தரையிலிருந்த கோட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "நானு தாண்டுனா வேலை பூடும்மா" என்றான். அவனைத் தாண்டச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. "எழுந்துக்க மட்டும் எழுந்துக்காதீங்க." சொல்லிவிட்டு அடுத்த விமானத்துக்கு ஓடினான்.

அது ஒப்படைப்புக் கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா. தெலுங்கு அம்மாக்கள், மலையாள அம்மாக்கள், சல்வார் போட்ட பஞ்சாபி அம்மாக்கள். மடியில் பை, பைக்குள் ஊறுகாய். ஞானமேரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காவலாளி முதுகைத் திருப்பினான். முன்வரிசையில் ஓர் அம்மா தன் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, எழுந்து, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு கழிப்பறைக்கு வேகமாக நடந்து போனாள். அவள் வந்து உட்கார்ந்ததும் அடுத்தவள் போனாள். ஒருத்திகூட நொண்டவில்லை.

"வாய மூடுங்க, ஈ பூந்துரும்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. வைர மூக்குத்தியும் விளையாட்டுக்காரர்கள் போடும் வெள்ளை ஷூவுமாக இருந்தாள். "நானு கலைமதி. விழுப்புரம் பக்கம். பையன் லண்டன்ல இருக்கான். எனக்கு இது மூணாவது தபா. பைய வைக்காம எழுந்துறாதீங்க. சீட்டுக்கடியில ஏதோ வச்சிருக்கானுங்க, கனம் கொறைஞ்சா கத்தும்."

"இங்க யாராலயுமே நடக்க முடியாதா?"

"இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லுங்க."

எதிரே கண்ணாடிப் பாலம் தெரிந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டினால் பாலம், பாலத்தின் முடிவில் அடுத்த டெர்மினல். ஒலக்கூரில் கோயிலிலிருந்து பஸ் நிறுத்தம் போகிற தூரம்தான் இருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்கள் நடந்துபோனார்கள். ஒரு குழந்தை பின்பக்கமாக நடந்து போனது. சாப்பிட்டுக்கொண்டே ஒருவன் போனான். நடப்பது எவ்வளவு சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது என்று ஞானமேரி வெகுநேரம் பார்த்தாள். பாலத்துக்கு மேலே பலகையில் அவளுடைய விமானத்தின் எண் பச்சையில் எரிந்தது. ஆரஞ்சு கோட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை.

எண் மஞ்சளாக மாறியதும் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

நாற்காலி கத்தியது. குட்டியைப் பிரித்த ஆடு கத்துவதுபோல் விடாமல் கத்தியது. எங்கிருந்தோ மூன்று பேர் ஓடிவந்தார்கள். அவள் தோளில் மறுபடியும் அந்த அன்பான கை. உட்கார்ந்ததும் சத்தம் நின்றது. அவளோடு பேச, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வரவழைக்கப்பட்டார். சட்டையில் வேங்கடேசன் என்று எழுதியிருந்தது. பயணி நகர்வு மேன்மைப் பிரிவின் தமிழ்மொழி அலுவலர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"அன்பான பயணியே, தங்கள் கண்ணியம் எங்கள் பொறுப்பு" என்று தொடங்கினார். "நடக்க இயலாதவர் என்று பதிவான எவரும் இந்த நிலையத்தில் இதுவரை நடந்ததில்லை. அதற்காகத்தான் சென்ற ஆண்டு விருது பெற்றோம். கீழே விழுந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம்."

"பிளேன உட்டவங்க?"

"அதை விருதுக்குக் கேட்பதில்லை."

"சார், என்னால நடக்க முடியும் சார்."

"தங்களுடைய அந்த நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம்."

"நம்பிக்கை இல்ல சார், காலு. இதோ இருக்குது பாருங்க."

வேங்கடேசன் பொறுமையாகத் தலையசைத்தார். இப்படிச் சொல்கிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார் என்பது தெரிந்தது. "நடக்கக்கூடியவர் என்று மருத்துவர் சொன்னால் தாங்கள் தாராளமாக நடக்கலாம். எங்களிடம் இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவர் இருக்கிறார்."

"கூப்பிடுங்க சார்."

"அவர் வர மாட்டார். தாங்கள்தான் போக வேண்டும். மருத்துவ அறை அந்தப் பக்கம் இருக்கிறது." கண்ணாடிப் பாலத்தைக் காட்டினார்.

"அப்ப நடந்து போயி டாக்டரப் பாத்துட்டு..."

"மருத்துவர் பார்க்கும்வரை நடக்கக் கூடாது. நாற்காலியில்தான் போக வேண்டும். தள்ளுவதற்கு ஆள் வந்ததும் போகலாம்."

"ஆளு வந்தா நானு பிளேனுக்கே பூடுவனே?"

"பாருங்கள், ஆள் வந்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிறது" என்றார் வேங்கடேசன் மகிழ்ச்சியோடு.

ஞானமேரி போனை எடுத்து வேளாங்கண்ணிப் படத்தைக் காட்டினாள். காவிப் புடவை, மாதா தேர், பின்னால் கடலூர் ரோடு. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதில் தாங்கள் நிற்கிறீர்கள்."

அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள்.

"இதில் ஒரு கால் முன்னால் இருக்கிறது. உண்மை. ஆனால் மறுகால் தேருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. முழு நடையாக இதை ஏற்க இயலாது." போனைத் திருப்பிக் கொடுத்தவர், குரலைத் தாழ்த்தினார். "அதோடு ஒன்று யோசியுங்கள். தாங்கள் நடக்கக்கூடியவர் என்றால், இயலாதவர் என்று பதிவு செய்தவர் பொய் சொன்னதாக ஆகிவிடும். அதை நாங்கள் மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும். பதிவு செய்தது யார்?"

ஞானமேரி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். மெர்லினுடைய வேலை, விசா, வரப்போகிற பிள்ளை, எல்லாம் இந்தக் கழுத்துப்பட்டியில் தொங்குவதுபோல் இருந்தது. மேலே என்றால் எது, தெரிவித்தால் என்ன ஆகும், எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாததனாலேயே அது பெரிதாக இருந்தது.

"யாரும் பொய் சொல்லல சார்" என்றாள். "எனக்குக் காலு சரியில்லதான்."

"நன்றி" என்றார் வேங்கடேசன். உண்மையாகவே நிம்மதியடைந்தார். "இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது."

அவள் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைச் சுற்றி ஒட்டினார். அப்போது அவருடைய போன் அடித்தது. "யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? ஜல்தி வாய்யா, இங்க ஒரே பேஜாரா இருக்குது" என்று அதில் கத்திவிட்டு, சட்டென்று ஞானமேரியைப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா நீ? திண்டிவனமா?" என்று கேட்டாள் அவள்.

"இங்கு அனைவரும் உலகக் குடிமக்கள்" என்று சொல்லிவிட்டு அவர் தன் மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஞானமேரி தன் முழங்கால்களைப் பார்த்தாள். சொன்னது வெறும் வார்த்தைதான், கால்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் இரண்டும் கனத்துப் போயிருந்தன. விரலை அசைக்க முயன்றாள். அசைந்தது. அசைந்ததா, அல்லது அசைந்ததாக அவளே நினைத்துக்கொண்டாளா என்று ஒரு சந்தேகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் ஓயாமல் உனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லச் சொல்ல, ஒருநாள் உண்மையாகவே உலை வைக்க எவ்வளவு தண்ணீர் என்று மறந்துபோய் அடுப்படியில் நின்றது நினைவுக்கு வந்தது.

மெர்லின் அழைத்தாள்.

"அம்மா, எங்க இருக்க?" குரல் சரியில்லை. "இப்பவே வலி எடுத்துடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறோம், நிக்கலன்னா ராத்திரியே எடுத்துருவோம்னு சொல்றாங்க. பிளேன் ஏறிட்டியா?"

"வந்துக்கினே இருக்கேன்" என்றாள் ஞானமேரி, பூட்டிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி.

"பயமா இருக்கும்மா." அப்படி அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூடச் சொன்னதில்லை.

"வந்துக்கினே இருக்கேன்டி."

போனை வைத்ததும் பலகையில் எண் சிவப்பானது. கலைமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்காததுபோல் ஷூவின் நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு பாலத்தில் இரண்டு பேர் ஒரு தாத்தாவைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அவர்கள் போட்டிருந்த ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தாள். திரும்பி, ஞானமேரியின் காவிப் புடவையையும் ஸ்வெட்டரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க மாதா சரியான கலர்லதான் கட்டச் சொல்லியிருக்குது."

"இன்னா?"

"குந்திக்கினு இருக்கறவளத்தான் நடக்க உட மாட்டானுங்க. தள்ளிக்கினு போறவள எவன் கேக்கறான்? என்னைத் தள்ளுங்க. என் கேட்டும் அந்தாண்டதான்."

"நீங்களும் எழுந்து வாங்களேன். ரெண்டு பேருமா..."

"நல்லா இருக்குதே! ரெண்டு பேரும் நடந்தா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம். சேர்ல ஒருத்தி குந்தியே ஆவணும். அதுவும் இல்லாம, குந்திக்கினு வரட்டும்னுதான் எம் பையன் போட்டிருக்கான்."

ஞானமேரி தன் தோள்பையை நாற்காலியில் வைத்தாள். கேப்பை மாவு, லேகியம், மல்லாட்டை. கையை எடுத்தால் கத்துமோ என்று மெதுவாக விட்டாள். நாற்காலி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. பிள்ளை பெற்றவளுக்கு என்று ஒரு மாதமாக இடித்து, சலித்து, கிளறி வைத்தது அத்தனையும் அதில் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல் கலைமதியின் சக்கரப் பூட்டைத் திறந்தாள்.

மஞ்சள் கோட்டில் காவலாளி நின்றான். அவன் கலைமதியின் மடியிலிருந்த சீட்டைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், ஞானமேரியின் இடுப்பளவுக்குத் தெரிந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தான். முகத்தை அவன் பார்க்கவில்லை. கையை ஆட்டினான். கண்ணாடிக் கதவு தானாகவே திறந்தது.

"மூஞ்ச தூக்கமா வச்சிக்கினு தள்ளுங்க" என்றாள் கலைமதி பல்லைக் கடித்தபடி. "சம்பளம் வராதவ மாதிரி."

பாலத்தில் எல்லாரும் வழிவிட்டார்கள். ஞானமேரியின் கால்கள் முதலில் பின்னின, பிறகு அவற்றுக்கு நினைவு வந்தது. வலது, இடது. கலைமதி கனமானவள். அந்தக் கனம் நன்றாக இருந்தது, மாதா தேரைத் தள்ளுகிற கனம். தன்னையறியாமல் வாய்க்குள், அருள் நிறைந்த மரியே என்று மங்கள வார்த்தை ஜெபம் ஓடியது.

"இன்னா மொணமொணன்னு?"

"ஜெபம்."

"எனக்கும் சேத்துச் சொல்லுங்க. மருமவ சமைக்கறதத் திங்கணும் மூணு மாசம்."

கலைமதியின் கேட் முதலில் வந்தது. அவள் பைக்குள் கைவிட்டு ஒரு முறுக்கை எடுத்து ஞானமேரியின் கையில் திணித்தாள். "தள்ளிக்கினு வந்ததுக்கு டிப்ஸு. ஓடுங்க. பொண்ணுக்கு நல்லபடியா ஆவும்." ஞானமேரி முறுக்கோடு ஓடினாள். அந்த விமான நிலையத்தில் அன்று அவளைப்போல் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள்.

கேட்டில் இன்னும் கதவு மூடவில்லை. அங்கே இருந்த பெண் சீட்டை வாங்கி இயந்திரத்தில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. திரையைப் படித்தாள், ஞானமேரியைப் பார்த்தாள், திரையைப் படித்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். கடைசியில் தமிழ்மொழி அலுவலருக்குப் போன் போட்டு, அதை ஞானமேரியின் முன்னால் வைத்தாள்.

"வணக்கம்" என்றது வேங்கடேசனின் குரல். "ஞானமேரி என்ற பயணி விமானத்தில் ஏற இயலாது. ஏனென்றால் அவர் இங்கே ஒப்படைப்புக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்."

"நாந்தான் சார் ஞானமேரி. இங்க நிக்கறேன்."

"குழப்பாதீர்கள், அம்மா. அவர் அமைதியாக இருக்கிறார். முன்பு சற்றுத் தொந்தரவு செய்தார், இப்போது மிக நல்ல ஒத்துழைப்பு. இருக்கையில் கனம் சரியாக இருக்கிறது."

"அது என் பையி சார்! திரும்பிப் பாருங்க!"

"பார்க்க வேண்டியதில்லை. திரையில் தெரிகிறது."

"சார், உங்களுக்குப் புண்ணியமா போவும். பையில கேப்பை மாவும் மல்லாட்டையும்தான் சார் இருக்குது. எம் பொண்ணு அங்க தனியா வலியில கெடக்கறா சார்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றைத் தள்ளும் ஓசை கேட்டது. ஜிப் இழுபடும் ஓசை கேட்டது.

"மல்லாட்டையா?" என்றது குரல். அது இப்போது வேறு குரலாக இருந்தது. "வறுத்ததா?"

"மணல்ல வறுத்தது."

கடலைத் தோல் உடைபடும் ஓசை கேட்டது. பிறகு கழுத்துப்பட்டிக் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஒரே பயணி இரண்டு இடங்களில் இருப்பது முரண்பாடு. முரண்பாட்டை விருதுக் குழு ஏற்காது. பயணி இல்லாமல் நாற்காலி இருக்கலாம். நாற்காலி இல்லாமல் பயணி இருக்க முடியாது. நாற்காலியை அனுப்புகிறேன். காத்திருங்கள்."

அவளைத் தள்ள ஒருவர்கூட இல்லாத நிலையத்தில், அவளுடைய பையைத் தள்ள இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தபடி பை பாலத்தைக் கடந்தது. பெல்ட் போட்டிருந்தார்கள். வழியெல்லாம் நாற்காலி லேசாக முனகிக்கொண்டே வந்தது, கனம் கொஞ்சம் குறைந்திருந்ததால். கேட்டில் இருந்த பெண் நாற்காலியின் எண்ணை இயந்திரத்தில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. பயணி வந்து சேர்ந்துவிட்டார்.

"ப்ளீஸ்" என்று அவள் ஞானமேரிக்கு நாற்காலியைக் காட்டினாள்.

விமானத்தின் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. ஞானமேரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தாள். முனகல் நின்றது. பத்தடியும் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பைக்குள் மல்லாட்டைப் பொட்டலம் பிரிந்திருந்தது. ஒரு பிடி குறைந்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. திண்டிவனத்துப் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பயணத்தில் வெகுநேரம் அவள் இருக்கையை விட்டு எழவில்லை. மெர்லின் ஆபரேஷன் தியேட்டருக்குள் தனியாகப் போவதையும், யாரோ அவளிடம் ஆங்கிலத்தில் மூச்சு இழுக்கச் சொல்வதையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய் வந்தார்கள். அவள் பணிப்பெண் அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து, போகலாமா என்று கையால் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

இறங்கியபோதும் கதவில் நாற்காலி நின்றது. வெளியே, மெர்லினோடு வேலை பார்க்கும் பெண் காரோடு காத்திருந்தாள். "இன்னும் உள்ள கூட்டிக்கினு போவல ஆன்ட்டி, இப்பத்தான் ரெடி பண்றாங்க" என்றாள். வெளியே இருட்டும் மழையும் குளிருமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் தாழ்வாரம் நீளமாக இருந்தது. அந்தப் பெண் முன்னால் ஓட, ஞானமேரி காவிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பச்சைத் தொப்பி போட்டு மெர்லின் படுத்திருந்தாள். முகம் வீங்கிப் போயிருந்தது. "அம்மா" என்று கையை நீட்டினாள்.

வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. தரை துடைப்பவர்களுக்கான ஏதோ அடையாளம். நர்ஸுகள் அதை மிதித்துக்கொண்டு போய்வந்தார்கள். ஞானமேரி அதற்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டாள். நின்றவள், திரும்பிப் பின்னால் பார்த்தாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. யாருக்காகப் பார்த்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் முதுகு ஒரு தள்ளலுக்காகக் காத்திருந்தது.

"ஏம்மா அங்கியே நின்னுட்ட?" என்றாள் மெர்லின். "வாம்மா."

"வந்துக்கினே இருக்கேன்."

சொல்லிவிட்டுத் தன் கால்களைப் பார்த்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை இன்னும் இருந்தது. அதைப் பிய்க்க முயன்றாள், வரவில்லை. பிறகு, வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்பும்போது செய்வதுபோல் செருப்புகளைக் கழற்றி ஓரமாக விட்டாள். தரை சில்லென்று இருந்தது. வலது காலைத் தூக்கி, கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

எதுவும் கத்தவில்லை.